வேல்யூ டேட் இல்லாத பில்: ரத்தத்தில் மருந்தை அளந்த கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தபோது அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைல் கையில் கிடைத்தது. இன்னும் தள்ளிப் போட்டால் மறந்தே போய்விடும் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது நாக்பூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண அதிகாரி. இதில் வரும் மருத்துவ சமாசாரமெல்லாம் டாக்டர்களிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை. யாரும் இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பில்லைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

நான்கு வரிகள்

2022 செப்டம்பர். மன்னார்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. வந்த பத்தாம் நாள் வலது கால் பெருவிரலில் ஒரு புண். "செருப்பு கடிச்சிருக்கு, சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, புண் எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி. சாதாரண ஆண்டிபயாடிக்குக்கு மசியாது. வான்கோமைசின் என்ற மருந்தை ஆறு வாரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். காலை 9 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக.

எட்டாம் நாள் இடைக்கால பில் வந்தது. வங்கிக்காரன் புத்தி, ஒவ்வொரு வரியாகப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போனேன். "வான்கோமைசின் டிரஃப் லெவல்" என்று ஒரு வரி, 2,800 ரூபாய். இரண்டு நாள் கழித்து அதே வரி. அடுத்தும் அதே வரி. பிறகு இன்னொரு முறை. மொத்தம் நான்கு, 11,200 ரூபாய். இன்ஷூரன்ஸ் டி.பி.ஏ.விலிருந்தும் அதே கேள்வியோடு கடிதம் வந்தது: ஒரே பரிசோதனை ஒரு வாரத்தில் நான்கு முறை எதற்கு?

கவுண்டரில் கேட்டேன். "டாக்டர் எழுதினார், லேப் செய்தது, சிஸ்டம் பில் போட்டது. இதில் தப்பு என்ன சார்?" என்று இந்தியில் பதில். மூன்றும் உண்மைதான். தப்பு எங்கே இருந்தது என்பது அன்று ராத்திரி என் மனைவியின் நோட்டுப் புத்தகத்தில் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது, இதற்கு எப்படி ஒரு விலை வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் சொல்லப் போவது புரியாது.

மருந்து ஒன்றுதான், உடம்புதான் வேறு

1943-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோயை அடிக்கிற முதல் ஆண்டிபயாடிக் அது. ஆனால் சீக்கிரமே இன்னொன்றும் தெரிந்தது. ஊசி போட்டவர்களில் பலருக்குத் தலை சுற்றியது. சிலருக்குக் காது போனது. 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், மீதி 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். மருந்து வேலை செய்கிறது என்பதை நிரூபித்த அதே ஆய்வு, தலைசுற்றல் எத்தனை பேருக்கு வருகிறது என்பதையும் பதிவு செய்தது.

காப்பாற்றும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. பிரச்சினை அங்கேதான்.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாரும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்கள். (இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்னது இந்த மையம்தான். அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. ஐசோனியாசிட் என்ற மாத்திரையைச் சிலர் உடம்பு சீக்கிரம் கரைத்துவிடுகிறது, சிலர் உடம்பு மெதுவாகக் கரைக்கிறது. அதனால் சிகிச்சையின் பலன் மாறுகிறதா என்று தென்னிந்திய நோயாளிகளிடமே ஆராய்ந்தார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒரே தொகையை இரண்டு கணக்கில் போடுகிறோம். ஒருவர் அன்றே எடுத்துவிடுகிறார், இன்னொருவர் வைத்திருக்கிறார். போட்ட தொகையை மட்டும் பார்த்தால் இருப்பு தெரியாது. இருப்பு தெரிய வேண்டுமானால் கணக்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

போர்னியோ மண்ணும் மிசிசிப்பி சேறும்

அப்பாவுக்கு ஏறிய வான்கோமைசினின் கதை இன்னும் சுவாரசியம். 1952-இல் போர்னியோக் காட்டிலிருந்து ஒரு கிறிஸ்தவ மிஷனரி, எலி லில்லி மருந்து கம்பெனியில் வேலை பார்த்த தன் நண்பர் எட்மண்ட் கோர்ன்ஃபெல்டுக்கு ஒரு பிடி மண்ணை அனுப்பினார். அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரி சுரந்த பொருள்தான் வான்கோமைசின். ஆரம்பத்தில் கிடைத்த சரக்கு பழுப்பு நிறம், சுத்தமில்லை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மிசிசிப்பி சேறு'. சுத்தப்படுத்தி 1958-இல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கினார்கள்.

பாவம், நல்ல நேரம் பார்த்து வரவில்லை. 1960-இல் மெத்திசிலின் வந்தது. பக்க விளைவு குறைவு என்று எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். வான்கோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்ற கெட்ட பெயரோடு பரணில் ஏறியது. ஆனால் 1961-லேயே இங்கிலாந்தில் மெத்திசிலினுக்கும் மசியாத கிருமி தலைகாட்டிவிட்டது. அதுதான் அப்பாவின் காலில் இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ. 1980-களில் அது ஆஸ்பத்திரிகளில் பரவப் பரவ, பரணில் இருந்த மருந்தைத் தேடி இறக்கினார்கள். பழைய பயமும் கூடவே இறங்கியது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டிய கட்டாயம்.

இருப்பு பார்த்த விதம்

ரத்தத்தில் ஆண்டிபயாடிக் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்த முறை, கேட்டால் சிரிப்பு வரும். ஒரு தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். நடுவில் சின்னக் குழி போட்டு நோயாளியின் ரத்த நீரை விடுவார்கள். மறுநாள் காலை, குழியைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டருக்குக் கிருமி செத்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். வட்டம் பெரிதானால் மருந்து அதிகம். ஆனால் விடை வருவதற்குள் அடுத்த டோஸ் ஏறி முடிந்திருக்கும். நோயாளி வேறு ஆண்டிபயாடிக்கும் சாப்பிட்டிருந்தால் கணக்கே தப்பு.

இதை மாற்ற வழி காட்டியவர் ரோசலின் யாலோ. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இயற்பியல் அறிஞர். சாலமன் பெர்சன் என்ற டாக்டருடன் சேர்ந்து, 1950-களின் கடைசியில், ரத்தத்தில் இன்சுலினை அளக்க ரேடியோ இம்யூனோ அஸே என்ற முறையைக் கொண்டுவந்தார். கல்யாண வீட்டு மியூசிக்கல் சேர் மாதிரி. நாற்காலிகள் குறைவு. அடையாளம் போட்ட ஆட்களும் நோயாளியின் ரத்தத்திலிருந்து வந்த ஆட்களும் போட்டி போடுகிறார்கள். அடையாளம் போட்டவர்கள் எத்தனை பேருக்கு நாற்காலி கிடைத்தது என்று எண்ணினால், எதிராளிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். பெர்சன் 1972-இல் இறந்துவிட்டார். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே தத்துவத்தை 1970-களில் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுக்கும் பயன்படுத்தினார்கள். 1981-இல் அபாட் கம்பெனி டி.டி.எக்ஸ். என்ற இயந்திரத்தை இறக்கியது. கதிரியக்கம் வேண்டாம், ஒளியை வைத்தே அளந்துவிடும். ஒரு நாள் வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது. சாதாரண ஆஸ்பத்திரி லேபிலும் ஓடியது. சுலபமாக அளக்கலாம் என்றானதும் நிறைய அளக்க ஆரம்பித்தார்கள். நிறைய அளக்க ஆரம்பித்ததும் 'இதற்குக் காசு யார் கொடுப்பது' என்ற கேள்வி வந்தது.

80202

இந்த இடத்தில் என் மைத்துனனை அறிமுகப்படுத்த வேண்டும். திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்கு இங்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்து எண் போடுகிற வேலை. அப்பா பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் போன்.

"அத்தான், இது 80202. எங்க கண்ணு மூடியிருந்தாலும் சொல்லுவோம்."

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் சி.பி.டி. என்ற எண் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டது. டாக்டர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். அதே 1966 ஜூலையில்தான் அங்கே முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் திட்டமான மெடிகேர் நடைமுறைக்கு வந்தது. 1980-களில் மெடிகேரும் சி.பி.டி. எண்களைத் தன் பில்லுக்கு எடுத்துக்கொண்டது. இன்று அமிகாசினுக்கு 80150, ஜென்டாமைசினுக்கு 80170, டோப்ராமைசினுக்கு 80200, வான்கோமைசினுக்கு 80202.

பிறகு இரண்டு சட்டங்கள். 1983-இல் மெடிகேர், உள்நோயாளிக்கு நோயைப் பொறுத்து மொத்தமாக ஒரு தொகை என்று மாற்றிவிட்டது. அதற்குள் எத்தனை பரிசோதனை செய்தாலும் தனிக் காசு கிடையாது. 1984-இல் வெளிநோயாளிகளின் லேப் பரிசோதனைக்கு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று விலைப்பட்டியல் வந்தது. ஆக, அதே வான்கோமைசின் பரிசோதனை, நோயாளி கட்டிலில் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குச் செலவு. வீட்டுக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டால் லேபுக்கு வரவு. 1974-லேயே அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்தே நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்த வழக்கம் வளர வளர, வீட்டில் இருப்பவரின் ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் வழக்கமானது.

என்னை உட்கார வைத்தது மைத்துனன் சொன்ன கடைசி விஷயம்தான். ஒரே நாளில் ஒரே பரிசோதனையை இரண்டு முறை செய்தால், இரண்டாவதுக்கு 91 என்ற ஒட்டு எண் போட வேண்டும். மருந்து ஏறியபின் உச்சம், அடுத்த டோஸுக்கு முன் அடிமட்டம் என்று உண்மையிலேயே இரண்டு விடை தேவைப்பட்டால் அப்படிக் கேட்கலாம். ஆனால் மாதிரியிலோ இயந்திரத்திலோ கோளாறு என்பதற்காகத் திரும்பச் செய்தால் 91 போடக் கூடாது. விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது.

"அதாவது அத்தான், தப்பா எடுத்ததுக்கு நோயாளி தலையில கட்டக் கூடாதுங்கிறதுதான் அதோட அர்த்தம். அங்கயும் எல்லாரும் ஒழுங்குன்னு சொல்ல வரலை. எழுதியாவது வச்சிருக்காங்க."

எத்தனை முறை எடுப்பது?

மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. ஜென்டாமைசினை நாளைக்கு மூன்று வேளை கொடுத்து, உச்சத்துக்கு ஒன்று, அடிமட்டத்துக்கு ஒன்று என்று ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1995-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 2,184 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். நாளைக்கு ஒரே டோஸ், எடைக்கேற்பக் கிலோவுக்கு 7 மில்லிகிராம். மருந்து கொடுத்து 6 மணியிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை ரத்தம். விடையை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த டோஸ் எப்போது என்று தெரிந்துவிடும். செலவும் குறைந்தது. ஆனால் கவனியுங்கள்: அந்த வரைபடத்தின் ஒரு அச்சு மருந்தின் அளவு, இன்னொரு அச்சு நேரம். எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று தெரியாவிட்டால் அந்தக் காகிதம் வெறும் கோலம்தான்.

வான்கோமைசினுக்கு 2009-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. கடுமையான தொற்றுக்கு அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்த அளவு மில்லிலிட்டருக்கு 15 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். அதைப் பொதுவாக நான்காவது டோஸுக்கு முன் எடுக்க வேண்டும். இந்த 'சற்று முன்' எடுக்கும் அளவுக்குத்தான் டிரஃப் என்று பெயர். 2020-இல் அதைத் திருத்தினார்கள். அடிமட்டத்தை மட்டும் துரத்தினால் சிறுநீரகம் அடிபடுகிறது. 24 மணி நேரத்தில் உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்தைப் பார்த்தது என்று கணக்கிடுங்கள் என்றார்கள். அதற்கு இரண்டு வெவ்வேறு நேரத்தில் ரத்தம் எடுப்பது நல்லது. அதாவது இரண்டு முறை பில். அதில் தப்பில்லை. ஆனால் இரண்டின் நேரமும் துல்லியமாக வேண்டும்.

பால் கணக்கு நோட்டு

சரி, அப்பாவிடம் வருவோம். ராத்திரியில் பெரும்பாலும் என் மனைவிதான் துணைக்கு இருந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கணக்கும் ஓடியது. லேப் அறிக்கைகளையும் அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் பரிசோதனை செவ்வாய் இரவு எட்டரை, நான்காவது டோஸுக்கு முன். விடை 9. குறைவு என்று டோஸை ஏற்றினார்கள். சரி.

இரண்டாவது, வியாழன் இரவு. அறிக்கையில் "டிரஃப்: 31". அபாயம் என்று வெள்ளிக்கிழமை இரண்டு டோஸையும் நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகப் பரிசோதனை நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் வயதானவர், சர்க்கரை வேறு. 31 என்ற எண்ணைப் பார்த்த எந்த டாக்டரும் அதைத்தான் செய்வார்.

நோட்டில் வியாழக்கிழமைக்கு எதிரே என் மனைவியின் கையெழுத்து: "9 மணி டிரிப் ஆரம்பம். 10.30 முடிந்தது. 11 மணி ரத்தம் எடுத்தார்கள்."

"ஏங்க, மருந்து ஏத்துறதுக்கு முன்னாடிதான் எடுக்கணும்னு அந்த மலையாளத்து சிஸ்டர் செவ்வாய்க்கிழமை சொன்னாங்களே. வியாழக்கிழமை வேற ஆளு வந்தாரு. நான் கேட்கலாமான்னு நினைச்சேன். அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு விட்டுட்டேன்."

மருந்து ஏறி முடிந்து அரை மணியில் எடுத்த ரத்தம். 31 இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அது அடிமட்டமே இல்லை, உச்சம். ஆனால் டாக்டர் எழுதிய சீட்டில் 'டிரஃப்' என்றிருந்ததால் லேப் அறிக்கையிலும் 'டிரஃப்'. அறிக்கையில் இருந்ததால் பில்லிலும் 'டிரஃப்'. அறிக்கையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு நேரம் இருந்தது. அது லேபுக்கு வந்து சேர்ந்த நேரம். கையிலிருந்து எடுத்த நேரம் எங்கும் இல்லை. டிரிப் தொடங்கிய நேரம் வேறு காகிதத்தில், வேறு ஃபைலில்.

வெள்ளி இரவு அப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல் அடித்தது. சனிக்கிழமை காலை மூன்றாவது பரிசோதனை. விடை 4. கிட்டத்தட்ட மருந்தே இல்லை. அவசரமாக மீண்டும் ஆரம்பித்தார்கள். திங்கள்கிழமை நான்காவது: 16. எல்லாரும் பெருமூச்சு விட்டோம்.

நான்கு வரியில் இரண்டு தேவையானவை. ஒன்று தப்பு. இன்னொன்று அந்தத் தப்பால் வந்தது. பில்லில் நான்கும் ஒரே மாதிரி, ஒரே விலை.

வங்கியில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதி உண்டு. கணினியில் போட்ட தேதி ஒன்று. பணம் உண்மையில் எந்த நாளிலிருந்து கணக்கில் இருக்கிறது என்று காட்டும் வேல்யூ டேட் இன்னொன்று. வட்டி ஓடுவது வேல்யூ டேட்டில்தான். அது தப்பாக இருந்தால் தொகை சரியாக இருந்தும் கணக்கு தப்பு. என் சர்வீஸில் வேல்யூ டேட் தப்பாகப் போட்ட எத்தனையோ வவுச்சரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் ரத்தத்துக்கு அதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நம்ம நாட்டு பில்

இந்தியாவில் மெடிகிளெய்ம் 1986-இல் வந்தது. டி.பி.ஏ. என்ற இடைத்தரகர் முறைக்கு 2001-இல் விதிமுறைகள் வந்தன. வங்கி ஊழியர்களான எங்களுக்கு 2015 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் குழு இன்ஷூரன்ஸ். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அரசு காப்பீட்டுத் திட்டமும், 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத்தும் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ் தொகை தருபவை. எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் வரிக்கு வரி பில்தான். பேக்கேஜில் தேவையான பரிசோதனையையும் விட்டுவிடும் ஆபத்து. வரிக்கு வரியில் தேவையில்லாததையும் செய்யும் ஆபத்து. எந்த முறையானாலும் எத்தனை முறை என்றுதான் எண்ணுகிறார்களே தவிர, எந்த நேரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. டி.பி.ஏ.யும் என்னிடம் 'ஏன் நான்கு?' என்றுதான் கேட்டது.

விதி இல்லாமல் இல்லை. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரமுறையில், மாதிரி எடுத்த தேதியும், சிகிச்சைக்குத் தேவைப்படும் இடத்தில் நேரமும் அறிக்கையில் வர வேண்டும் என்று இருக்கிறது. நம் நாட்டில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் கொடுப்பதும் அந்தத் தரமுறைப்படிதான்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, நோட்டுப் பக்கத்தின் நகலையும் வைத்து ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுத்தேன். சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பரிசோதனைகளின் 5,600 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். பணம் பெரிதில்லை. அந்த வார்டில், வான்கோமைசின் சீட்டில் "கடைசி டோஸ் தொடங்கிய நேரம், ரத்தம் எடுத்த நேரம்" என்று இரண்டு கட்டம் போட்டு முத்திரை செய்திருந்தார்கள். அடுத்த வாரம் பார்த்தேன். அதுதான் எனக்குத் திருப்தி.

அப்பாவின் பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. விட்டுப்போன அந்த இரண்டு டோஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த டாக்டராலும் அப்படிச் சொல்ல முடியாது. எலும்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. ஆனால் அது காரணமே இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கவும் என்னால் முடியவில்லை. என் மனைவி இன்றைக்கும் "அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்பாள். அப்பா இப்போது மன்னார்குடியில் கைத்தடியோடு தேரடி வரை நடந்துபோய் வருகிறார். "அந்த நோட்டுல பால்காரன் பாக்கியும் இருந்துச்சே, குடுத்தீங்களா?" என்று மருமகளைக் கிண்டல் செய்கிறார்.

ஊரைவிட்டு வந்து, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் பெற்றவர்களோடு உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். டாக்டரோடு வாதாட வேண்டாம். வான்கோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் என்ற பெயர் காதில் விழுந்தால் ஒரு நோட்டு வாங்குங்கள். மருந்து எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். ரத்தம் எடுக்க வருபவரிடம் "மருந்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி கூச்சப்பட்டாள், நான் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.